காலின் கவுண்டிக்கு (டெக்சஸ்) குடிபோகும் முன்: வீட்டுச் சந்தையையும் ஊரையும் எப்படி எடைபோடுவது?

வைகைக்கரை — கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியிலிருந்து டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டிக்கு வரும் கோடையில் மாறுகிறோம். வேலை பிளேனோவில், லெகசி வெஸ்ட் பக்கம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம். பெரியவன் 8-ஆம் வகுப்பு, சின்னவள் 3-ஆம் வகுப்பு. பட்ஜெட் 5,50,000 டாலர்.

இணையத்தில் பார்த்தால் கவுண்டியின் சராசரி விலை, சராசரி வருமானம், பள்ளி மதிப்பெண் என்று எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. அதே விலைக்கு பிளேனோவில் 1990-களில் கட்டிய வீடும் வருகிறது, செலைனா, பிரின்ஸ்டன் பக்கம் புத்தம்புது வீடும் வருகிறது. சந்தை இறங்குகிறதா என்பதை எந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? வாங்கிய பிறகு தெரிய வந்து மனசு நோகிற விஷயங்கள் எவை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நிலக்கணக்கு — பதில்

காலின் கவுண்டி ஒரே சந்தை இல்லை. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2010-ல் மக்கள்தொகை 7,82,341. 2020-ல் 10,64,465. இந்த வளர்ச்சி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பிளேனோவில் காலி மனை கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. பிரின்ஸ்டன் 2023 ஜூலையிலிருந்து 2024 ஜூலைக்குள் 30.6 சதவீதம் வளர்ந்து, சென்சஸ் கணக்குப்படி நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரமாக வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து எடுக்கிற சராசரி இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

நியூஜெர்சியிலிருந்து வருபவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது பொதுப் பதிவில் இருக்கும். டெக்சஸில் விற்ற விலையை வெளியிட வேண்டும் என்ற சட்டமே இல்லை. அதனால் ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற வீட்டு விளம்பரத் தளங்கள் காட்டும் மதிப்பு இங்கே இன்னும் கூடுதலான ஊகம்தான். உண்மை விலை ஏஜென்ட்டுகள் பார்க்கும் எம்.எல்.எஸ். பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட்டிடம் இப்படிக் கேளுங்கள்: கடந்த 6 மாதத்தில் முடிந்த விற்பனைகள், அரை மைல் சுற்றளவு, அதே பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு), பரப்பளவு 15 சதவீதம் கூடக்குறைய, கட்டிய வருடம் 10 வருடம் முன்பின். அதோடு 'விற்பவர் கொடுத்த சலுகை' என்ற பத்தியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். 5,40,000-க்கு முடிந்த வீட்டில் விற்றவர் 15,000 சலுகை கொடுத்திருந்தால், உங்கள் கணக்குக்கு அது 5,25,000 வீடு.

புது வீட்டில் இது இன்னும் முக்கியம். பில்டர் பட்டியல் விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் அதே தெருவில் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பதிலாக வட்டியைக் குறைத்துத் தருவார், வீட்டைப் பதியும்போது வரும் முடிப்புச் செலவை ஏற்பார். முதல் வருடம் 2 சதவீதம், அடுத்த வருடம் 1 சதவீதம் வட்டி குறைத்துத் தந்தால், மூன்றாம் வருடம் முழுத் தவணை வரும். அந்த முழுத் தவணை கட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று: நீங்கள் மூன்று வருடத்தில் விற்க நேர்ந்தால், பக்கத்துத் தெருவில் அதே பில்டர் அதே வட்டிச் சலுகையோடு புது வீடு விற்றுக்கொண்டிருப்பார். அவரோடு போட்டி போட்டுத்தான் உங்கள் வீட்டை விற்க வேண்டும்.

சந்தையின் சூட்டைப் பார்க்க ஒரே எண்: கையிருப்பு மாதங்கள். இப்போது விற்பனைக்கு இருக்கும் வீடுகளை, கடந்த 12 மாதத்தின் சராசரி மாத விற்பனையால் வகுத்தால் வரும். ஆறு மாத அளவு சமநிலை. மூன்றுக்குக் கீழே போனால் விற்பவர் கை ஓங்கும். கவுண்டி அளவில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ரியல் எஸ்டேட் ஆய்வு மையம் இதை மாதாமாதம் வெளியிடுகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஜிப் கோடு வாரியாக, 4,50,000 முதல் 6,00,000 வரையான விலைக்குள் மட்டும். ஏஜென்ட் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்.

போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். மே, ஜூனில் விலை ஏறுவதும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை தணிவதும் வருடா வருடம் நடப்பது. போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 'சந்தையில் எத்தனை நாள்' என்ற எண்ணும் ஏமாற்றும். பட்டியலை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் அது சுழியத்திலிருந்து தொடங்கும். மொத்த நாள் கணக்கு தனியாக உண்டு, அதைக் கேளுங்கள்.

வரிச்சீட்டு — பதில்

விலையைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கவலை தருவது சொத்து வரி. இங்கே மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை வீடுதான் சுமக்கிறது.

ஒரு முகவரிக்குப் பல அமைப்புகள் தனித்தனியாக வரி போடும். கவுண்டி, வீட்டு மதிப்பில் 100 டாலருக்குச் சுமார் 15 செண்ட், காலின் கல்லூரி சுமார் 8 செண்ட். இவை கவுண்டி முழுக்க ஒன்று. பள்ளி மாவட்டம் ஏறக்குறைய 1 டாலரிலிருந்து 1.25 வரை ஊருக்கு ஊர் மாறும். நகரம் பெரும்பாலும் 40-லிருந்து 60 செண்ட். இதற்கு மேல்தான் 'மட்', 'பிட்' இரண்டும் வருகின்றன. மட் என்பது தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட்ட கடனை அடைக்க அந்தக் குடியிருப்புக்கென்றே அமைத்த வரி மாவட்டம். பிட் என்பது சாலை, பூங்கா போன்றவற்றுக்காக ஒவ்வொரு மனை மேலும் போட்ட தவணைக் கட்டணம். 30 வருடம் வரை ஓடுவது சாதாரணம். பிட் வரி இல்லை, கட்டணம். அதனால் ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் வரிக் கழிவு) அதற்குச் செல்லாது.

ஒரே விலையில் இரண்டு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். விகிதங்களைச் சுற்றி எடுத்திருக்கிறேன், வாங்கும்போது அந்த வருட விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளேனோ, 5,50,000 வீடு. ஹோம்ஸ்டெட் இருந்தால் பள்ளி வரியில் 1,40,000 கழியும் (2023-ல் 1,00,000 ஆக்கினார்கள், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது). மீதி 4,10,000-க்கு 1.03 வீதம் 4,223. நகரம் 20 சதவீதம் கழிக்கிறது; 4,40,000-க்கு 42 செண்ட் வீதம் 1,848. கவுண்டி 5 சதவீதம் கழித்து 784. கல்லூரி, கழிவு எதுவும் இல்லை என்று வைத்தால், 440. மொத்தம் 7,295.

நகர எல்லைக்கு வெளியே மட் உள்ள புது வீடு, அதே 5,50,000. பள்ளி 1.23, கவுண்டி 15 செண்ட், கல்லூரி 8 செண்ட், நகர வரி இல்லை, அதன் இடத்தில் மட் 94 செண்ட் என்று வையுங்கள். பள்ளிக்கு 5,043. மீதி 1.17 வீதம் முழு விலைக்கும் 6,435 (கவுண்டியின் 5 சதவீதக் கழிவை இங்கே விட்டுவிட்டேன், அது 41 டாலர்தான்). மொத்தம் 11,478.

வித்தியாசம் வருடத்துக்கு 4,183, மாதம் 349 டாலர். 6.5 சதவீத வட்டி, 30 வருடக் கடனில் மாதம் 349 என்பது ஏறக்குறைய 55,000 டாலர் கடனுக்குச் சமம். அதாவது இந்த வரி வித்தியாசத்தை ஈடுகட்ட, அந்தப் புது வீட்டுக்கு வாங்கும் கடன் ஏறக்குறைய 55,000 குறைவாக இருக்க வேண்டும்.

அடுத்தது எஸ்க்ரோ அதிர்ச்சி. எஸ்க்ரோ என்பது வரி, காப்பீட்டுக்காகக் கடன் கொடுத்தவர் தவணையோடு சேர்த்து மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம். இங்கே ஜனவரி 1 அன்று இருந்த நிலைதான் அந்த வருட வரிக்கு அடிப்படை. அன்று வெறும் மனையாக 1,20,000-க்கு மதிப்பிட்டிருந்தால் முதல் வருட பில் 2.40 வீதம் 2,880 மட்டும். கடன் கொடுத்தவர் அதை வைத்து மாதம் 240 பிடிப்பார். அடுத்த வருடம் பில் 11,478. விழுந்த பள்ளம் 8,598. அதை 12 மாதத்தில் அடைக்க வேண்டும், புது அளவிலும் பிடிக்க வேண்டும். மாதம் 240 இருந்த இடத்தில் 1,673. தவணை ஒரே கடிதத்தில் 1,400 டாலருக்கு மேல் ஏறும். கையெழுத்துப் போடும்போதே முழு மதிப்புக்கு எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பழைய வீட்டிலும் கண்ணி இருக்கிறது. விளம்பரத்தில் போட்டிருக்கும் வரி விற்பவருடைய வரி. அவருக்கு ஹோம்ஸ்டெட் இருந்தால் மதிப்பு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 65 வயதைத் தாண்டியவர் என்றால் பள்ளி வரியே உறைந்திருக்கும். விற்ற மறு ஜனவரியில் இவை எல்லாம் கழன்றுவிடும். அந்த 10 சதவீத வரம்பு உங்களுக்குச் சலுகை கிடைத்த முதல் வருடத்துக்கு அடுத்த வருடம்தான் தொடங்கும்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் குடியுரிமை தேவையில்லை, ஹெச்1பி-யில் இருப்பவரும் போடலாம். ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டின் முகவரி இருக்க வேண்டும். பலருக்கும் நிராகரிப்பு வருவது இதனால்தான். ஏப்ரலில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் போடலாம். பில் அக்டோபரில் வரும், ஜனவரி 31-க்குள் கட்டவில்லையென்றால் பிப்ரவரி முதல் அபராதம், வட்டி இரண்டும் சேரும்.

எப்படிச் சரிபார்ப்பது: காலின் மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் முகவரியைப் போட்டால், வரி போடும் அமைப்புகள் வரிசையாக வரும். பிட் அதில் வராமலும் போகலாம். ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் மட், பிட் அறிவிப்பைத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, 'ஆண்டுத் தவணை', 'முடியும் வருடம்' இரண்டையும் படியுங்கள்.

கரிசல்காட்டான் — பதில்

காலின் கவுண்டி மண் நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஜாதிதான். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வீடு உட்கார்ந்திருப்பது அந்த மண் மேல் போட்ட ஒற்றைக் கான்கிரீட் பலகையில். ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காய்ச்சலுமாக இருந்தால் பலகை வளையும்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைத் தேடுங்க. வெளிச் செங்கல்லில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல், கேரேஜ் கதவின் ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிவது, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, எல்லாமே அறிகுறி. முடிபோல் மெல்லிய விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சந்தேகம் வந்தால் கட்டுமானப் பொறியாளரை அழைத்துத் தரைமட்ட அளவு எடுக்கச் சொல்லுங்க. வீடு முழுதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது 1 சதவீதத்துக்குள்ளும், வளைவு நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்குள்ளும் இருக்கிறதா என்பது அவர்கள் பார்க்கும் அளவுகோல். ஏற்கெனவே தூண் இறக்கிச் சரி செய்த வீடு என்றால், உத்தரவாதம் உங்க பேருக்கு மாறுமா என்று கேளுங்க. பலகையைத் தூக்கும்போது அடியில் இருக்கும் கழிவுநீர்க் குழாய் முறியும். அதனால் தூண் வேலைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் நிரப்பிச் சோதித்த அறிக்கையையும் கேளுங்க. அறிக்கை இல்லையென்றால் நீங்களே சோதியுங்க.

வாங்கிய பிறகு, கோடையில் அடித்தளத்திலிருந்து ஒன்று ஒன்றரை அடி தள்ளிக் கசியும் குழாய் போட்டு மண்ணை ஒரே ஈரத்தில் வைக்கணும். வெடித்த பிறகு வெடிப்புக்குள் தண்ணீர் ஊற்றுவது கெடுதல்.

புது வீடு என்றாலும் சொந்தச் செலவில் இன்ஸ்பெக்டரை வையுங்க: கான்கிரீட் ஊற்றும் முன், சுவர்ப் பலகை அடிக்கும் முன், சாவி வாங்கும் முன், பிறகு 11-ஆம் மாதம். ஒரு வருட உத்தரவாதம் முடிந்த மறுநாள் கண்டுபிடிப்பதால் பயனில்லை. பழைய வீட்டுக்கு ஆப்ஷன் காலம் என்று 7 அல்லது 10 நாள் வாங்கிக்கொண்டால், சிறு கட்டணத்தோடு எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். பில்டருடைய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அது இருக்காது.

ஆலங்கட்டி மழை. 2016 ஏப்ரல் 11 அன்று வைலி ஊரில் பெய்தது கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் துளைத்துவிட்டது. இங்கே வீட்டுக் காப்பீட்டில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் நீங்கள் முதலில் ஏற்கும் பங்கு பெரும்பாலும் நிலையான தொகையாக இருக்காது, சதவீதமாக இருக்கும். வீட்டுக் காப்பீடு 4,50,000, பங்கு 2 சதவீதம் என்றால் முதல் 9,000 உங்க கையிலிருந்து. பழைய கூரைக்குப் புதுக் கூரை விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்று பாலிசியில் தேடுங்க. விலை பேசும் முன்பே கூரையின் வயதைக் கேட்டுக் காப்பீட்டு விலை வாங்கிடுங்க. 15 வருடக் கூரையை எடுக்க மறுப்பவர்கள் உண்டு.

வெள்ள வரைபடத்தில் ரௌலெட் ஓடை, வில்சன் ஓடை பக்கத்து முகவரிகளைக் கட்டாயம் பாருங்க.

அன்னக்கிளி — பதில்

பள்ளி பற்றி நான் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் பள்ளி மாவட்டமும் வேறு வேறு. பிளேனோ முகவரியில் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் வரும், மெக்கின்னி முகவரியில் பிராஸ்பர் வரும். மாவட்டத் தளத்தில் வீட்டு எண்ணையே போட்டுப் பாருங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்பது சகஜம்.

உங்கள் பெரியவனுக்கு முக்கியமான விஷயம்: பிளேனோ மாவட்டத்தில் 9, 10 வகுப்புகள் ஒரு பள்ளி, 11, 12 சீனியர் ஹை என்று வேறு பள்ளி. ஃபிரிஸ்கோவில் நான்கு வருடமும் ஒரே பள்ளி, அளவும் சிறியது. இசைக்குழு, விளையாட்டில் இடம் பிடிக்கும் பிள்ளைக்குச் சிறிய பள்ளி நல்லது. பாட வகைகள் நிறைய வேண்டும் என்றால் சீனியர் ஹை.

போட்டியும் கணக்கில் வர வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 இலையுதிர் சேர்க்கை முதல் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வருபவர்களுக்குத்தான் தானாக இடம் தருகிறது. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் 10 சதவீதம். மிக உயர்ந்த மதிப்பெண் பள்ளியைத் தேடிப் பிடிக்கும் பெற்றோர், அங்கே பிள்ளையின் தரவரிசை எங்கே நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எல்லைகள் மாறும். தெற்கே பிள்ளைகள் குறைகிறார்கள். பிளேனோ மாவட்டம் 2024-25 முடிவில் நான்கு பள்ளிகளை மூடியது. வடக்கே செலைனா, அன்னா, கிழக்கே பிரின்ஸ்டன் பக்கம் பள்ளி கட்டி முடிப்பதற்குள் நிரம்பிவிடுகிறது, பிள்ளைகளைத் தற்காலிக அறைகளில் உட்கார வைக்கிறார்கள். சின்னவள் இன்னும் ஒன்பது வருடம் படிக்க வேண்டும். அதனால் மாவட்டக் குழுக் கூட்டத்தின் மக்கள்தொகை அறிக்கையை எடுத்து, அந்தத் தொடக்கப்பள்ளியில் எத்தனை இடம், எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். பாதி காலியாக இருக்கும் பழைய பள்ளியும் ஆபத்து, நிரம்பி வழியும் புதுப் பள்ளியும் ஆபத்து.

பயணம்: செவ்வாய்க்கிழமை காலை 7:30-க்குக் கிளம்புவதாக வைத்து வரைபடத்தில் நேரம் பாருங்கள். ஞாயிறு மதியம் வீடு பார்க்கப் போகும்போது 380 நெடுஞ்சாலை காலியாக இருக்கும், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். சுங்கச் சாலை மைலுக்கு 20 செண்டுக்குச் சற்று மேல்; டோல்டேக் (காரில் ஒட்டும் சுங்க அட்டை) இல்லாவிட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு. ரயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் பிளேனோதான். ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி எதுவும் டார்ட்டில் (டல்லாஸ் பகுதிப் பொதுப் போக்குவரத்து அமைப்பு) சேரவில்லை. 2025 அக்டோபர் 25 முதல் டார்ட்டின் சில்வர் லைன் ரயில் பிளேனோவிலிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்றால், கார் ஓட்டத் தெரியாதவர் நடந்து போகக் கடையும் பூங்காவும் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்தே பாருங்கள். புதுக் குடியிருப்புகளில் நடைபாதை பெரும்பாலும் வாசல் வரை வந்து நெடுஞ்சாலையில் நின்றுவிடும்.

வைகைக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்வி. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பது நல்லதா? பிரின்ஸ்டனில் புது வீடு கட்டத் தடை போட்டார்களாமே, அது விலைக்கு நல்லதா கெட்டதா?

நிலக்கணக்கு

வாடகைக்கு இருங்கள் என்றே சொல்வேன். 5,00,000 வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம் போக 4,00,000 கடன், 6.5 சதவீதம் என்றால் தவணை 2,528. வரி 650, காப்பீடு 350, குடியிருப்போர் சங்கக் கட்டணம் 60 என்று வைத்தால் 3,588. அதே தெருவில் அதே அளவு வீடு 2,800-க்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் மாதம் 788 மிச்சம், ஊரும் பழகும். வாங்க நினைக்கும் பள்ளி எல்லைக்குள்ளேயே வாடகை எடுங்கள், பிள்ளைகளைத் திரும்ப மாற்ற வேண்டியிருக்காது. சேர்க்கைக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும் போதும்.

பிரின்ஸ்டன் நகரம் 2024 செப்டம்பரில் புதுக் குடியிருப்பு வேலைகளை நிறுத்தி வைத்தது; தண்ணீர், கழிவுநீர், சாலை, காவல் எதுவும் வளர்ச்சிக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மனைகளில் கட்டுவது நிற்கவில்லை. அதனால் வீடு அரிதாகி விலை ஏறும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

கரிசல்காட்டான்

மின்சாரத்தை நானும் விட்டுட்டேன். பிளேனோ, ஆலன் போன்ற இடங்களில் கம்பி ஆன்கார் நிறுவனத்தினுடையது, மின்சாரம் விற்கும் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விலைத் தாளில் 500, 1,000, 2,000 யூனிட் மூன்றுக்கும் விலை இருக்கும்; 1,000-க்கு மட்டும் மலிவாகக் காட்டி மற்ற இரண்டிலும் ஏற்றிவிடும் திட்டங்கள் உண்டு. ஆகஸ்டில் பெரிய வீடு 2,000-ஐத் தாண்டும், அந்தப் பத்தியைப் பாருங்க. வடக்கிலும் கிழக்கிலும் சில குடியிருப்புகள் கூட்டுறவு மின்சாரத்தில் இருக்கு, அங்கே தேர்வு கிடையாது. ஏஜென்ட்டிடம் கேட்டால் தெரியலைன்னு சொல்வாங்க. விற்பவருடைய போன ஆகஸ்ட் பில்லை ஒன்று வாங்கிப் பாருங்க, கம்பெனி பேரும் யூனிட்டும் இரண்டும் அதிலேயே இருக்கும்.